முப்பத்தெட்டுக் கடிதங்களும் ஒரு திருத்தமும்

இரத்தினவேல் அண்ணை கனடா அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் ஒரு தராசுத் தட்டில் போட்டு, மறு தட்டில் அவரை ஏற்றினால், கடிதத் தட்டு அசையாது. அவர் ஐம்பத்தைந்து கிலோ. அந்தக் கடிதங்களில் முக்கால்வாசி மற்றவர்களுக்காக எழுதியவை. அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, சங்கத்து ஆண்டு மலர்க்காரர் என்னைக் கேட்டார்கள். ‘சமூகசேவையாளர்’ என்ற தலைப்பையும் அவர்களே போட்டுத் தந்தார்கள். அந்தத் தலைப்புக்குள் அடங்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் காணிப் பகுதியில் கிளாக்கராக இருந்தவர். தொண்ணூற்றொன்றில் கனடா வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடியில், ஒற்றை அறை வீடொன்றில் ஐந்து பேரோடு இருந்தார். குசினி மேசைதான் அவருடைய கந்தோர். அகதிக் கேஸ் எழுத மேல் மாடியிலிருந்தும் கீழ் மாடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காசு வாங்கமாட்டார். யாராவது கோழியோ பால்மாப் பேணியோ கொண்டுவந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்.

வருபவரிடம் மூன்று கேள்விதான் கேட்பார். “எங்கை நிண்டனீர்? என்ன வந்தது? ஆர் போனது?” இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் கேஸ் முடிந்த மாதிரி. அரசாங்கத்துக்கு எழுதுவதென்றால் முதல் பந்தியில் நடந்ததைச் சொல்லவேண்டும், கடைசிப் பந்தியில் கேட்பதைக் கேட்கவேண்டும், நடுவில் பொய் இருக்கக்கூடாது என்பது அவருடைய முறை. ஆங்கிலம் பேச வராது, ஆனால் எழுதினால் வெள்ளைக்கார வழக்கறிஞர்களே ஒரு சொல்லில் கைவைக்கமாட்டார்கள். கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். அவர் எழுதிய கேஸ்களில் தோற்றவை மிகச் சில.

அவருடைய சொந்தக் கேஸில் முதல் பந்தி இப்படி. தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம், மனைவி மங்கையற்கரசியின் தம்பி பிரியந்தன் அரிசி திரிக்கச் சைக்கிளில் சந்திக்குப் போனான். வயது பத்தொன்பது. ராணுவத்தின் ஹெலி ஒன்று வந்து சந்தியைச் சுட்டது. பிரியந்தன் அந்த இடத்திலேயே போய்விட்டான். அண்ணை அப்போது கச்சேரியில் இருந்தார். ஓடிப்போய்த் தூக்கியது மங்கையற்கரசி. அடுத்த வருஷம் அவர் மனைவியையும் கைக்குழந்தை அட்சயாவையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டு வந்தார். பின்னால் கூப்பிடலாம் என்று நினைத்தார். எல்லோரும் அப்படித்தான் நினைத்து வந்தோம்.

தொண்ணூற்று மூன்றில் நான்தான் அவரை எங்கள் கொம்பனியில் சேர்த்துவிட்டேன். ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கத்தில் இருந்தது. இரும்பு வளையம் செய்கிற இடம். வளையத்துக்கு ஏழு இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. அது எதற்குள் போகிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. பனி மலையில் சிவப்பு ஹெலி ஒன்று, அடிபட்டவர் ஒருவரைக் கயிற்றில் மேலே தூக்குகிறது. ஆகவே நாங்கள் உயிர் காக்கிற வேலை செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டோம். நான் ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுப்பேன். இரத்தினவேல் அண்ணை மைக்ரோமீட்டரால் அளப்பார். ஒரு மயிரளவு பிசகினாலும் வளையத்தைச் சிவப்புத் தட்டில் போட்டுவிடுவார். அவரைக் கடந்து பிழையான வளையம் ஒன்றும் போனதில்லை. மனேஜர் அவரைக் காட்டித்தான் புதியவர்களுக்குப் பாடம் எடுப்பார்.

ஒருவர் தம்பியைக் கொண்டுவர, தம்பி மச்சானைக் கொண்டுவர, மூன்று வருஷத்தில் அங்கே முப்பத்தெட்டுத் தமிழர் சேர்ந்துவிட்டோம். 

இதற்கிடையில் தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. மங்கையற்கரசியும் அட்சயாவும் எங்கே என்று ஏழு கிழமை, ஏறக்குறைய இரண்டு மாதம், தெரியாது. அந்த ஏழு கிழமையும் அண்ணை ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. வளையத்தை அளந்துகொண்டே இருந்தார். பிறகு வன்னியிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அடுத்த மாசியில் இருவரும் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கினார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் ஃபைல் நகர்ந்தது. குடிவரவு அலுவலகம் கேட்டது ஒன்றுதான்: வேலையில் இருக்கிறார் என்று கொம்பனி தருகிற புதுக் கடிதம். பழைய கடிதத்துக்குத் திகதி கடந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கொம்பனியில் லே ஓஃப் கதை வந்தது. ஓடர் குறைந்துவிட்டது, இரண்டாவது ஷிப்ட் நிற்கப் போகிறது என்றார்கள். அண்ணை இரண்டாவது ஷிப்ட்.

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் எங்களைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். கேக் வெட்டி வைத்திருந்தது. வெளியே ஒரு காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ராணுவத்திலிருந்து இளைப்பாறிய கர்னல், கொம்பனிக்கு ஆலோசகர். மற்றவர் அரசாங்கத்தில் வர்த்தகப் பகுதி அதிகாரி. அரசாங்கமும் கொம்பனியும் ஒரே காரில் வந்தது எனக்குப் புதினமாக இருந்தது. ஒட்டாவாவில் யாரை எப்போது பார்க்கவேண்டும் என்பது கர்னலுக்குத் தெரியும், அதற்குத்தான் சம்பளம் என்று மனேஜர் பிறகு சொன்னார். அமைச்சர்மாரை அந்தக் கர்னல் முதற்பெயரால்தான் குறிப்பிட்டார்.

விஷயம் இதுதான். ஆசியாவில் ஒரு நாடு தன் ராணுவத்து ஹெலிகளுக்கு எங்கள் வளையத்தை நேரடியாக வாங்க நிற்கிறது. நாலு வருஷத்துக்கு வேலை இருக்கும். வெளிநாட்டு அமைச்சர் அனுமதி கொடுக்கவேண்டும். அந்த ராணுவம் தன் மலைக் கிராமங்களைத் தாக்குகிறது என்று தேவாலயக்காரர் சிலர் எதிர்த்துக் கடிதம் எழுதுகிறார்கள். ஆகவே தொழிலாளர்களும் அமைச்சருக்கு எழுதவேண்டும்.

வளையங்களைப் பெட்டியில் அடுக்குகிற சந்திரவதனா என் முழங்கையில் இடித்துக் கேட்டாள். “அண்ணை, உது எங்கட நாட்டுக்கே போகுது? ஒருக்கா விசாரியுங்கோ.”

நான் எழும்பிக் கேட்டேன். இல்லை, அது வேறு நாடு என்று கர்னல் சொன்னார். முப்பத்தெட்டுப் பேருக்கும் மூச்சு வந்தது. கேக்கை எடுத்துச் சாப்பிட்டோம். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை எழுத இப்போது கூசுகிறது.

பிறகு அந்த அதிகாரி ஒரு புத்தி சொன்னார். ஒரே மாதிரி அச்சடித்த கடிதங்களுக்கு ஒட்டாவாவில் மதிப்பில்லை. உங்கள் சொந்தக் கதையைச் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். யார் நீங்கள், ஏன் கனடா வந்தீர்கள், இந்த வேலை உங்களுக்கு என்ன, என்று எழுதுங்கள். மனேஜர் உடனே இரத்தினவேல் அண்ணையைப் பார்த்தார். அவர் கடிதம் எழுதுகிறவர் என்பது கொம்பனிக்கும் தெரியும். நல்லது நடந்தால் அவருடைய வேலைக் கடிதத்தைத் தானே கையெழுத்திட்டுத் தருவதாகவும் சொன்னார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, அவர் நல்ல மனிதர்.

சனியும் ஞாயிறும் பகல் முழுவதும் அண்ணையின் வீட்டு வாசலில் வரிசை. அப்போது அவர் மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற்றுக்கு மாறியிருந்தார். குசினி மேசை, பேனை, கோடு போட்ட தாள். ஆள் வந்து இருந்ததும் கேட்டார்: எங்கை நிண்டனீர், என்ன வந்தது, ஆர் போனது. நாங்களும் சொன்னோம். இதற்கு முன் கனடா அரசாங்கம் எங்களிடம் சொந்தக் கதை கேட்டது ஒரு தடவைதான், அகதிக் கேஸில், அப்போது சொன்ன கதை இதுதான். வேறு சொந்தக் கதை எங்களிடம் இருக்கவில்லை.

சந்திரவதனாவுக்குப் புருஷன். தச்சு வேலைக்குப் போன இடத்தில் ஹெலி. வேறு ஒருவனுக்குத் தகப்பனும் இரண்டு மாடும். எனக்கு மரியம்மா ரீச்சர். எனக்குக் கணக்குப் படிப்பித்தவர், எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. பள்ளிக்கூடக் கிணற்றடியில் பிள்ளைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, தான் வெளியில் நின்றவர். அண்ணை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ரீச்சரின் வெள்ளைச் சேலைகூட விடுபடவில்லை. கடைசிப் பந்தியில், இப்படியான நிலையில் கனடா எனக்கு வாழ்வு தந்தது, இந்தத் தொழிற்சாலை எனக்கு வேலை தந்தது, அந்த வேலை நிலைக்கும்படி மேற்படி ஹெலிகொப்ரர் பாகங்களுக்கான அனுமதியை வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்று இருந்தது. எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. கையெழுத்து வைத்தேன். முப்பத்தெட்டுப் பேரும் வைத்தோம். ஹெலி வேண்டும் என்று கேட்கிற கடிதத்தில் ஹெலி என்ன செய்யும் என்று முப்பத்தெட்டு விதமாக எழுதியிருக்கிறோம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. எழுதியவர் மண்டையிலும் ஏறவில்லை என்று அவரே பிறகு சொன்னார். முறைப்படி எழுதினார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மனேஜர் கடிதக் கட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றிலும் கடைசிப் பந்தியைப் பார்த்தார். ஆளுக்கு மூன்று பக்கம், எல்லாம் கையால் எழுதியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கர்னல் வந்து கட்டைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கடிதங்கள் ஒட்டாவாவுக்குப் போயின.

மூன்று கிழமை கழித்து மனேஜர் அண்ணையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒட்டாவாவிலிருந்து ரெலிபோன். அண்ணைக்கு ஆங்கிலம் பேச நடுக்கம் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேசையில் அண்ணையின் வேலைக் கடிதம் ரைப் பண்ணி இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. மனேஜர் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, எங்களுக்குக் கோப்பி எடுத்து வரப் போனார்.

அமைச்சில் வேலை செய்கிற பெண்ணொருத்தி. குரலை வைத்துச் சொன்னால் சின்ன வயது. முப்பத்தெட்டையும் வாசித்துவிட்டேன் என்றாள். எல்லாம் நீங்கள் எழுதியவையா என்று கேட்டாள், ஓம் என்று சொன்னோம். எல்லாம் உண்மையா என்று கேட்டாள், அதற்கும் ஓம். பிறகு, அமைச்சருக்கு ஒரே பக்கத்தில் சுருக்கம் கொடுக்கவேண்டும், அதில் இரண்டு நிரல்தான் இருக்கிறது, ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று என்றாள்.

“உங்கள் கடிதங்களை எந்த நிரலில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை, ஐயா. நீங்களே சொல்லுங்கள்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணைக்கும் விளங்கியது, முகத்தில் பார்த்தேன். அவர் ரெலிபோனைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த வேலைக் கடிதத்தைப் பார்த்தார். கதவுக்கு வெளியே கோப்பி மெஷின் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் மொழிபெயர்க்க நின்றவன், ஆனால் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் தானே குனிந்து, தெளிவான ஆங்கிலத்தில், ஆதரவு என்றார்.

முப்பத்தெட்டுமா என்று அவள் கேட்டாள். முப்பத்தெட்டும் என்றார்.

உங்கள் மைத்துனருக்காக வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த ரெலிபோனுக்கு அண்ணை “தேங்க் யூ மேடம்” என்றார். மனேஜர் மூன்று கோப்பியோடு வந்து, சந்தோஷமாகக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மெஷின்களுக்குத் திரும்பி நடக்கும்போது அண்ணை சொன்னார், “பிரியந்தனையும் சேர்த்துக் குடுத்துப்போட்டன், அருள்.” எனக்கும் வேலை வேண்டியிருந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான்தான் முதலில் கோபித்திருப்பேன்.

ஆனி மாதம் அனுமதி வந்தது. மறுபடியும் கேக். எங்கள் எம்.பி. வந்து பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, வளையமொன்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அவருடைய துண்டுப் பிரசுரத்தில் எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. போரின் கொடுமையை அறிந்த தமிழ்ச் சமூகம் இந்த ஏற்றுமதியை ஒருமனதாக ஆதரித்தது என்று கீழே போட்டிருந்தது. வெளிநாட்டுக் கொள்கை என்று பேப்பரில் வாசிக்கிறோமே, அதில் முப்பத்தெட்டுப் பங்கு எங்களுடையது. சாப்பாட்டு அறையில் சிவப்பு ஹெலிப் படம் அப்படியே தொங்கியது. இரண்டாவது ஷிப்ட் நின்றுபோகவில்லை. நான் கார் வாங்கினேன்.

கார்த்திகையில் மங்கையற்கரசியும் அட்சயாவும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு என்னுடைய காரில்தான் போனோம். அட்சயாவுக்கு ஆறு வயது. முதல் ஒரு கிழமை தகப்பனை அங்கிள் என்றே கூப்பிட்டாள். அவர் அதற்கும் ஓம் போட்டார். அந்த நாட்களில் அவர் சிரித்த மாதிரி நான் முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

மாசி மாதம், அட்சயாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் தேடி, மங்கையற்கரசி அண்ணையின் ஃபைலைத் திறந்திருக்கிறார். அண்ணை எதை எழுதினாலும் பிரதி வைப்பவர். மங்கையற்கரசி ஊரில் தபாற்கந்தோரில் வேலை செய்தவர், ஆங்கிலம் வாசிப்பார். அன்று வேலை முடிந்து நான்தான் அண்ணையைக் கொண்டுபோய் விட்டேன். மங்கையற்கரசி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். மேசையில் அண்ணை அமைச்சருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி விரித்தபடி கிடந்தது.

“ரெண்டு ஹெலி வந்தது,” என்றார் மங்கையற்கரசி. “ஒண்டெண்டு எழுதியிருக்கிறியள்.”

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். தான் அங்கே நிற்கவில்லை என்றும் சனம் சொன்னதை எழுதியதாகவும் மெதுவாகச் சொன்னார்.

“முதல் வந்தது சுட்டுப்போட்டுப் போட்டுது. தம்பி எழும்பினவன். எழும்பி, சைக்கிளை நிமித்தினவன். ரெண்டாவதுதான்.”

ஆறு வருஷமாக அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அண்ணையும் கேட்டிருக்கவில்லை. வருகிற எல்லோரிடமும் மூன்று கேள்வி கேட்டவர், பெண்சாதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. மங்கையற்கரசி கடிதத்தின் கடைசித் தாளை எடுத்து அவர் முன்னால் தள்ளினார். கடைசிப் பந்தி என்னத்துக்கு என்று மட்டும் கேட்டார். அண்ணை, “உங்களைக் கூப்பிடத்தான்,” என்றார். மங்கையற்கரசி அழவுமில்லை, ஏசவுமில்லை. பிழையைத் திருத்தி அனுப்பச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சீப்பை எடுத்துப் பிள்ளைக்குத் தலை இழுத்தார்.

சனிக்கிழமை அண்ணை அமைச்சருக்கு எழுதினார். அரைப் பக்கம்தான், அவர் எழுதியதில் ஆகச் சின்னக் கடிதம். என் கடிதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, ஹெலிகொப்ரர் ஒன்று அல்ல, இரண்டு. இரண்டாவது, நிரல். என்னையும் மற்ற முப்பத்தேழு பேரையும் எதிர்ப்பு நிரலுக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. திருத்தம் கோப்பில் சேர்க்கப்பட்டது. அனுமதி ஏற்கெனவே வழங்கப்பட்டதால் அதில் மாற்றம் இல்லை. மேலும், மற்றவர்கள் சார்பில் நீங்கள் நிலைப்பாட்டை மாற்ற முடியாது, அவரவர் தாமே எழுதவேண்டும். முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு சொல்லில் ஆதரவு சொன்னபோது இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணைக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தில் சொன்னது முறைதானே என்றார்.

சித்திரையோடு வேலையை விட்டார். ஒருவரும் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, மனேஜர் கட்டிப்பிடித்து அனுப்பினார். இப்போது பாண் சுடுகிற பேக்கரி ஒன்றில் தட்டு அடுக்குகிறார். அளக்க அங்கே ஒன்றும் இல்லை. ஓய்வு நாட்களில் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில், அந்த முப்பத்தேழு பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனார். மாற்ற விருப்பமென்றால் எழுதித் தருவதாகச் சொன்னார். சந்திரவதனா உடனே கையெழுத்து வைத்தாள். இன்னும் நாலு பேர் வைத்தார்கள். மற்றவர்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

என்னிடம் கடைசியாக வந்தார். அஜின்கோர்ட்டில் நான் வாங்கிய புது வீட்டுக்கு. என் கடிதத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்து, “உம்மடதில ஏதும் பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாரும்,” என்றார்.

நான் முழுதும் வாசித்தேன். கிணற்றடி, சுவர், வெள்ளைச் சேலை. இரண்டாவது தடவையும் வாசித்தேன், அவர் பொறுமையாக இருந்தார்.

“இல்லை அண்ணை,” என்றேன். “எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி ஃபைலில் வைத்துக் கட்டினார். பஸ் தரிப்பு வரை கூட நடந்தேன். நான் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறேன், அவருடைய மைக்ரோமீட்டர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மரியம்மா ரீச்சர் ஆதரவு நிரலில் இருக்கிறார்.